கொட்டத் தெரியாத குளவிகள்

1987ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடத்திற்கு, கல் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றின் மேல்மாடிக் கூடத்தில் குளவிகள் புகுந்தன. கூடத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. ஓடாதவளுடைய சக்கரத்தில், மெருகு முடியும் தறுவாயில், மஞ்சள் புஷ்பராகக் கல் ஒன்று இருந்தது. பூச்சிமருந்து அடித்து ஓய்ந்த பிறகு அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது கல் இல்லை. மாலை நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் பெண்ணைக் கைதுசெய்வதாக ஏற்பாடு. துப்பறிவாளர் பட்டறையின் படியேறியபோது மணி ஒன்றரை.

துப்பறிவாளர் ஐம்பது வயதை நெருங்கிய பெண்மணி. எந்த நாற்காலியிலும் தொடர்ந்து ஐந்து நிமிடம் அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. உதவியாளன், அவருடைய கணவரின் தம்பி. ஆயுள் காப்பீடு விற்கப் போய், தானே நான்கு பாலிசி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவன். வாயை மூடும் பொத்தான் இல்லாத காரணத்தால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"அண்ணி, ஒரே ஒரு சந்தேகம். குளவி இன்னும் உள்ள இருக்கா?"

"மருந்தடிச்சுக் கொன்னுட்டாங்களாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப நகருங்க, நான் முன்னாடி போறேன். ஆம்பளைன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

முதலாளி தம்முடைய அறையில் சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் நடையைத் தொடர்ந்தார். துப்பறிவாளரும் உட்காராமல் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினார். இருவரும் நடுவில் ஒருவரையொருவர் விலகிப் போவதை ரேடியோ தலையை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தான்.

"இன்ஸ்பெக்டர் எல்லாம் முடிச்சுட்டாரு மேடம். உங்களைக் கூப்பிட்டது என் வீட்டுக்காரி. அந்தப் பொண்ணு எடுத்திருக்க மாட்டாங்கறா. அவ பிடிச்ச பிடியை விட மாட்டா."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"கல்லு அவ கையில இருந்துச்சு. எல்லாரும் ஓடினப்ப அவ மட்டும் ஓடல. வேற என்ன நினைக்கச் சொல்றீங்க?"

"யார் யாரைச் சோதிச்சாங்க?"

"ஒருத்தர் விடாம. தலைமுடி, செருப்பு, வாய்க்குள்ளகூட டார்ச் அடிச்சுப் பாத்துட்டாங்க. சக்கரத்தைக் கழட்டி, தொட்டித் தண்ணியை வடிச்சு, தரையைப் பெருக்கிப் பாத்தாச்சு. கல்லு இந்த வாசலைத் தாண்டல. சத்தியமா தாண்டல."

"உங்க வீட்டு ஆளுங்களையும் சோதிச்சாங்களா?"

முதலாளியின் நடை நின்றது. "வீட்டு ஆளுன்னா என் மச்சான் ஒருத்தன்தான். மேனேஜர். அந்தப் பொண்ணைக் காப்பாத்த உள்ள போயி, கையில கொட்டு வாங்கி, கட்டுப் போட்டு உக்காந்திருக்கான். அவனை வேற அவுத்துப் பாக்கணுமா?"

"குளவின்னு ஏன் இவ்வளவு பயம்?"

"போன வருஷம் கூடத்துச் சன்னல் மேல பெரிய கூடு கட்டிடுச்சு. கலைக்கப் போன ஒருத்தனை மொய்ச்சு, ஆஸ்பத்திரியில மூணு நாள் கண் திறக்காம கிடந்தான். அன்னையிலேர்ந்து இங்க ஒரு சட்டம். மஞ்சளும் கறுப்புமா எது பறந்தாலும், பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. வேலையைப் போட்டுட்டு ஓடணும்."

"நல்ல சட்டம்," என்றான் ரேடியோ. "எங்க வீட்டுல அண்ணன் பட்டை போட்ட பனியன்ல வந்தாலே நான் அப்படித்தான்."

*

கூடத்தையும் முதலாளி அறையையும் இணைப்பது எடை அறை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துல்லியத் தராசு. அதன் பக்கத்தில் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்த முதியவர் ஒருவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் தராசு. பேச்சையும் நிறுத்தே கொடுப்பவர் என்று முதலாளி பெருமையாக அறிமுகப்படுத்தினார். தராசு தலையை மட்டும் அசைத்தார்.

மேசையின் ஓரத்தில், குழி குழியாக அமைந்த மரத்தட்டு ஒன்றில், பல நிறங்களில் பட்டை தீட்டிய கற்கள் பளபளத்தன. ரேடியோ ஒரு மஞ்சள் கல்லை எடுத்து மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான்.

"அண்ணி! கேஸ் முடிஞ்சுது. கல்லு கிடைச்சாச்சு."

முதலாளி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "அது கண்ணாடித் தம்பி. பெரிய கல்லு எது வந்தாலும், முதல்ல அதே அளவுல கண்ணாடியில ஒரு நகல் வெட்டிப் பாப்போம். வேலை முடிஞ்சதும் கல்லு குடுத்த பார்ட்டிக்கே ஞாபகார்த்தமா குடுத்துடுவோம். என் பேரன் இதை வெச்சுத்தான் கோலி ஆடறான்."

"அப்ப நானும் ஒரு ஆட்டம்..."

தராசு எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், கல்லை வாங்கிக் குழியில் வைத்துத் தட்டைத் தூக்கி அலமாரியில் சேர்த்தார்.

"கண்ணாடியா இருந்தாலும் ஒழுங்கு ஒழுங்குதான்," என்றார்.

துப்பறிவாளருக்கு ஒழுங்கானவர்களைப் பிடிக்கும். ஒரு கணம் அவரை நின்று பார்த்துவிட்டுக் கூடத்துக்குள் போனார்.

*

கூடத்தில் எல்லாச் சக்கரங்களும் நின்றிருந்தன. பூச்சிமருந்தின் நெடி இன்னும் தொண்டையைக் கமறச் செய்தது. வேலையாட்களைக் கீழ்த்தளத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சன்னலோரத்தில், தன்னுடைய சக்கரத்தின் முன்னால், ஒரு பெண் தனியாக இருந்தாள். வயது முப்பதுக்குள். வேலையில் அமர்ந்தால் கழுத்தைக்கூடத் திருப்பாதவள் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் அவளுக்குச் சிலை என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தச் சிலையின் விரல்கள் ஓயவில்லை. வெறும் அரக்குக் குச்சி ஒன்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். குச்சியின் முனையில் அரக்கைச் சூடாக்கிக் கல்லை ஒட்ட வைத்து, அதைச் சக்கரத்தில் பிடிப்பதுதான் அவளுடைய தொழில்.

"ஏன்மா ஓடல?"

"கல்லு சக்கரத்துல இருந்துச்சு மேடம். கல்லைச் சக்கரத்துல வெச்சிட்டு எந்திரிக்க மாட்டோம். எந்திரிச்சா பட்டையோட கோணம் மாறிப்போயிடும். வேலை கத்துக்கற அன்னைக்கு முதல்ல சொல்லிக் குடுக்கறது அதுதான்."

"குளவி வந்தா ஓடணும்னும் சட்டம் இருக்கே?"

"அது போன வருஷத்துச் சட்டம். இது கையில ஊறினது. மனசு ஓடுன்னுச்சு, கை விடல."

"அப்புறம்?"

"பின்னாலேர்ந்து தலை மேல ஒரு துணி விழுந்துச்சு. தோளைப் பிடிச்சு எழுப்பி, கதவு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனாங்க. குச்சி கையை விட்டுப் போயிடுச்சு. துணியை எடுத்துப் பாத்தப்ப வராந்தாவுல இருந்தேன்."

"யாரு தள்ளினது?"

"சின்ன முதலாளிதான். அவங்கதான் கொட்டு வாங்கிக்கிட்டு என்னைக் காப்பாத்தினதா எல்லார்கிட்டயும் சொன்னாங்களே."

"நீ முகத்தைப் பாத்தியா?"

"துணி மூடியிருந்துச்சு மேடம்." அவள் குச்சியைக் கீழே வைத்தாள்; மறு நொடி மறுபடியும் எடுத்தாள். "ஜெயிலுக்குக்கூட நான் பயப்படல. நாளைக்கே இவங்க விட்டுடலாம். ஆனா இந்தத் தொழில்ல ஒரு தடவை கை நீளம்னு பேச்சு வந்துட்டா, எந்தப் பட்டறையிலயும் வாசப்படி ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற ஒன்னும் தெரியாது."

துப்பறிவாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி அடிக்கச் சற்று நேரமே இருந்தது.

"செத்த குளவிங்க எங்க?"

சிலை சுட்டிக்காட்டினாள். கல் பட்டறையில் குப்பையை வெளியே கொட்டும் வழக்கம் கிடையாது. பெருக்கிய தூசியைத் தகரத் தட்டில் சேர்த்து வைத்து, சலித்துப் பார்த்த பிறகே எறிவார்கள். போலீசாரும் கல் கிடைக்குமா என்று அதைத்தான் கிளறினார்கள். கிடைக்காததால் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். துப்பறிவாளர் ஒரு சாமணத்தையும் சிலையின் கண் லென்ஸையும் வாங்கிக்கொண்டு, தூசிக்குள்ளிருந்து மஞ்சளும் கறுப்புமான உடல்களில் நான்கைந்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் நெடுநேரம் நிமிரவில்லை.

"அண்ணி? உசிரோட இருக்கா?"

"ரேடியோ, குளவிக்கு எத்தனை இறக்கை?"

"அது பறந்து வரும்போது நான் எண்ணிக்கிட்டு நிக்கறதில்ல."

"நாலு. இதுக்கு ரெண்டுதான் இருக்கு. இடுப்பைப் பாரு, குளவிக்கு நூல் மாதிரி இருக்கும். இதுக்கு இடுப்பே இல்ல. நெத்தி மீசை குட்டையா இருக்கு, கண்ணு தலை முழுக்க இருக்கு. கொடுக்குன்னு ஒன்னு இல்லவே இல்ல. இது ஈ. குளவிச் சட்டையை மாட்டிக்கிட்டுத் திரியற வெறும் ஈ."

"ஈயா?" ரேடியோவின் குரல் தாழ்ந்தது. "இவ்வளவு பேரு ஓடினது ஈக்கா?"

"இந்த இடத்துல மண்ணு அளவு கீறலைக்கூட லென்ஸ் வெச்சுப் பாப்பாங்க. ஆனா பாக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டது ஒன்னே ஒன்னுதான். யாரோ அந்தச் சட்டத்தைத் தெரிஞ்சே உபயோகப்படுத்தியிருக்காங்க."

*

கூடத்தின் பின்பக்கம் ஒரு சிறிய மாடி முற்றம். கூடு கலைக்கப்பட்ட நாளிலிருந்து அதன் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி தராசிடம். அவர் வலது இடுப்பில் தொங்கிய கொத்தை இடது கையால் எட்டிப் பிடித்து, உடம்பை முறுக்கிக்கொண்டு கழற்றினார். பூட்டைத் திறக்க வழக்கத்துக்கு மேலான நேரம் ஆயிற்று.

"வாரத்துல ஒரு நாள் செடிக்குத் தண்ணி விடத் திறப்பேன்," என்றார். "வேற யாரும் வர மாட்டாங்க."

முற்றத்தில் கைப்பிடிச் சுவரோரமாகத் தொட்டிச் செடிகளில் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. பூக்களுக்கு மேலே, அந்தரத்தில் ஆணி அடித்து மாட்டியதைப் போல, வரிவரியான பூச்சிகள் அசையாமல் நின்றன. திடீரென்று ஒரு சாண் விலகி, மறுபடியும் நின்றன. ரேடியோ கதவுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டான்.

துப்பறிவாளர் கையை வீசி ஒன்றைப் பிடித்து விரல்களை மூடிக்கொண்டார்.

"அண்ணி! வேண்டாம்! அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்!"

"கையை நீட்டு."

"நான் பாலிசி வித்தவன். இந்த மாதிரி ஆளுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி குடுக்காது."

"நீட்டுடா."

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டு நீட்டினான். பூச்சி அவனுடைய உள்ளங்கையில் இரண்டடி நடந்து, பறந்து போயிற்று. அவன் ஒரு கண்ணைத் திறந்து கையைப் பார்த்தான், பிறகு மறு கண்ணையும் திறந்தான்.

"கூச்சம்தான் இருந்துச்சு," என்றான். சட்டென்று முகம் மாறியது. "இருங்க. இருங்க. இது கொட்டாதுன்னா, கையில கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவரை எது கொட்டுச்சு?"

"அதைத்தான் போயிக் கேக்கப் போறோம்."

"கட்டுக்குள்ள கல்லு! அண்ணி, என் சம்பளத்தை உசத்துங்க."

"சம்பளமே இன்னும் குடுக்கல. முதல்ல போயி அந்தத் தட்டுல இருக்கற எல்லாப் பூச்சியையும் தூசியிலேர்ந்து பொறுக்கி வரிசையா வை. நான் பாத்தது அஞ்சுதான். ஒன்னு விடாமப் பாத்தாகணும்."

"கேஸைப் பிடிச்சுக் குடுத்தவனுக்கு ஈ பொறுக்கற வேலை," என்று முனகிக்கொண்டே ரேடியோ போனான்.

*

மைத்துனர் முதலாளியின் அறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கையில் மணிக்கட்டு வரை கனமான கட்டு. கையை ஒரு தலையணையின் மேல் வைத்திருந்தார். துப்பறிவாளர் கட்டை அவிழ்க்கச் சொன்னதும் அவர் முதலாளியைப் பார்த்தார்.

"அத்தான், என்ன இது? கொட்டு வாங்கினது நானு. என்னைப் போயி..."

"டாக்டரா கட்டுப் போட்டாரு?" என்று துப்பறிவாளர் கேட்டார்.

"நானே போட்டுக்கிட்டேன். முதலுதவி தெரியும் எனக்கு."

"வலது கையில நீங்களே, இடது கையால, இவ்வளவு அழகா?"

"வலிக்குதுங்க!"

"மாப்ள," முதலாளி நடப்பதை நிறுத்திவிட்டு மைத்துனரின் முன்னால் வந்து நின்றார். "அவுரு."

துணி சுற்றுச் சுற்றாகக் கழன்று விழுந்தது. உள்ளே கல் இல்லை. வீக்கமும் இல்லை. விரல் முட்டியில் தோல் உரிந்த ஒரு சிராய்ப்பு மட்டும் இருந்தது.

மைத்துனரின் காது மடல் சிவந்தது.

"படியில விழுந்துட்டேன்," என்றார், தரையைப் பார்த்து. "குளவின்னு சத்தம் கேட்டதும் முதல்ல ஓடினது நான்தான். மேனேஜர் முதல் ஆளா ஓடினான்னா அப்புறம் ஒருத்தன் மதிப்பானா? கை எரிஞ்சுது. எல்லாரும் என்னாச்சுன்னு கேட்டாங்க. கொட்டிடுச்சுன்னு வாயில வந்துடுச்சு. எங்க கொட்டுச்சுன்னாங்க. உள்ள போனப்பன்னு சொன்னேன். எதுக்குப் போனேன்னாங்க..."

"அந்தப் பொண்ணைக் காப்பாத்தன்னு சொன்னீங்க."

"ஒன்னு சொன்னா இன்னொன்னு தானா வந்துடுது மேடம்."

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப ஒன்னுமே இல்லையா? கல்லு அவகிட்டயேதான்னு ஆயிடுச்சே!"

"இல்ல," என்றார் துப்பறிவாளர். இப்போது அறையில் அவர் ஒருவர்தான் நடந்துகொண்டிருந்தார். "இவரு உள்ளயே போகல. சரி. அப்ப அந்தப் பொண்ணு தலையில துணி போட்டு வெளிய கொண்டுவந்தது யாரு? யாரோ ஒருத்தர் குளவிக்கு நடுவுல போயி ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்காரு. அந்தப் பேரை இவரு திருடிக்கிட்டாரு. நிஜமா காப்பாத்தின ஆளு வாயே திறக்கல. கெட்ட பேரை ஒளிச்சுக்கறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். நல்ல பேரை யாரு ஒளிச்சுக்குவாங்க?"



அந்த நேரத்தில் ரேடியோ உள்ளே வந்தான். அவனுடைய கையில் ஒரு வெள்ளைக் காகிதம். அதன் மேல் பூச்சி ஒன்று. எப்போதும் ஓடும் வாய் ஓய்ந்திருந்ததால் துப்பறிவாளர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணி, எல்லாத்தையும் வரிசையா வெச்சேன். எல்லாம் தொப்பைப் பசங்க. இவ மட்டும் இடுப்பு வெச்சிருக்கா."

துப்பறிவாளர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். நான்கு இறக்கைகள். நூலிடை. நீண்ட மீசை. வயிற்று நுனியில் முள்.

"நிஜக் குளவி," என்றார் மெதுவாக. "ஒன்னே ஒன்னு. முற்றத்துல ஈயைப் பிடிச்சுப் பையில அடைச்சுக் கூடத்துல அவுத்து விட்ட ஆளு, ஈ கொட்டாதுன்னு தெரிஞ்சே பிடிச்சிருக்காரு. ஆனா நூறு தடவை கையை விட்டதுல ஒரு தடவை வேஷம் போடாததும் சேந்து பைக்குள்ள வந்துடுச்சு."

"கூடத்துல யாரையும் கொட்டலையே," என்றார் முதலாளி.

"கூடத்துல கொட்டியிருந்தா ஊரே கேக்கக் கத்தியிருப்பாங்க. கத்தறதுக்கு அங்க எல்லாருக்கும் உரிமை இருந்துச்சு. கத்த முடியாத நேரத்துல கொட்டு வாங்கினவரு ஒருத்தர்தான். பையோட வாயை அவுத்தவரு."

கடிகாரம் மூன்றே காலைக் காட்டியது.

*

எல்லோரும் எடை அறையில் கூடினார்கள். சிலை கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். மைத்துனர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினார். துப்பறிவாளர் தராசுக்கு எதிரில் இருந்த முக்காலியில் அமர்ந்தார்.

"ஐயா, ஒரு சின்ன உதவி. இந்தக் குளவியை எனக்கு எடை போட்டுத் தரணும்."

"குளவியையா?"

"ஆமா. சாமணத்தால எடுத்து வெச்சா போதும். ஆனா வலது கையால."

தராசு அசையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முள் மட்டும் மெல்லத் துடித்தது.

"எந்தக் கையால எடுத்தா என்ன மேடம்? எடை ஒன்னுதான்."

"வாஸ்தவம். ஆனா சாவி உங்களுக்கு வலது இடுப்புல தொங்குது. அதை வலது கையால எடுக்கற ஆளுதான் அங்க மாட்டுவாரு. இன்னைக்கு நீங்க இடது கையால எட்டி எடுத்தீங்க."

"தராசு, உறையைக் கழட்டுங்க," என்றார் முதலாளி. குரலில் கெஞ்சல் இருந்தது. "கழட்டிக் காட்டிட்டுப் போங்களேன். போலீஸ்கிட்டகூடக் காட்டினீங்களே."

"போலீஸ் கையில கல்லு இருக்கான்னு பாத்தாங்க," என்றார் துப்பறிவாளர். "கையைப் பாக்கல. அப்ப வீங்கவும் நேரம் ஆகல."

தராசு நிதானமாக, விரல் விரலாக, உறையைக் கழற்றினார். கட்டைவிரலின் அடிப்பாகம் சிவந்து, பளபளவென்று, எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

மைத்துனர் தம்மையும் அறியாமல், "ஐயையோ, எவ்வளவு வலிச்சிருக்கும்!" என்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்றான் ரேடியோ. "உங்களுக்கும் சேத்து அவருக்கே வலிச்சிருக்கு."

"செடியில முள்ளு குத்துச்சு," என்றார் தராசு.

"குத்தியிருக்கலாம்," என்றார் துப்பறிவாளர். "அப்ப கல்லைத்தான் கேக்கணும். அது வாசலைத் தாண்டல. தேடாத இடமும் இல்லை. அப்ப தேடின இடத்துலயே, எல்லார் கண்ணு முன்னாடியும் இருக்கு. ஈக்கூட்டத்துல ஒரு குளவி ஒளிஞ்சிருந்ததை நாங்க ரெண்டு மணி நேரமா பாக்கலையே, அந்த மாதிரி. இந்தப் பையன் கண்ணாடிக் கல்லைத் தூக்கிப் போட்டு விளையாடினப்ப முதலாளி சிரிச்சாரு. நீங்க மட்டும் எழுந்து வந்து வாங்கி வெச்சீங்க."

ரேடியோவின் முகம் வெளுத்தது. "நான் தூக்கிப் போட்டது..."

"அலமாரியைத் திறங்க."

மரத்தட்டு மேசைக்கு வந்தது. மஞ்சள் நிறத்தில் மூன்று கற்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. துப்பறிவாளர் சிலையை அழைத்தார். அவளுடைய விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. முதல் கல்லை எடுத்துக் கீழுதட்டில் வைத்தாள். கண்ணாடி உடம்புச் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும், கல் வாங்காது. அவள் அதைக் கீழே வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். மூன்றாவதை உதட்டில் வைத்ததும் அவளுடைய தோள்கள் இறங்கின.

"சில்லுன்னு இருக்கு," என்றாள். பிறகு அதைத் திருப்பி விளிம்பைப் பார்த்தாள். "என் கல்லுதான். இந்தப் பக்கம் இன்னும் மெருகு முடிக்கல."

முதலாளி தராசை நோக்கித் திரும்பினார். கோபப்பட அவருக்குத் தெம்பு இல்லை. "ஏன்? உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

தராசு கையுறையை நான்காக மடித்து மேசை மேல் வைத்தார்.

"மேனேஜர் பதவி எனக்குன்னு சொன்னீங்க. அதையே சொல்லிச் சொல்லி என் தலை நரைச்சுது. அப்புறம் படியில உருண்டு விழறவரைக் கொண்டாந்து உக்கார வெச்சீங்க." அவர் மைத்துனரைப் பார்க்கவேயில்லை. "யாருக்கும் அடிபடக் கூடாதுன்னுதான் ஈயைப் பிடிச்சேன். அடுத்த வாரம் பார்ட்டிங்களுக்குக் கண்ணாடி நகலைக் கொண்டுபோறப்போ, அதோட இதையும் எடுத்துட்டுப் போனா வாசல்ல யாரும் கேக்க மாட்டாங்க. அவ குச்சியிலேர்ந்து கல்லைப் பேத்தெடுத்து நகலோட குழியில வெச்சு, நகலைப் பொடி பண்ணித் தொட்டியில போட்டேன்."

"யாருக்கும் அடிபடலையா?" என்று சிலை கேட்டாள். அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. "பெரியப்பா பெரியப்பான்னு உங்களைக் கூப்பிட்டேன். என் தலையில துணியைப் போட்டுத் தள்ளினது நீங்க. நாலு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போவாங்கன்னு தெரிஞ்சும், பக்கத்து அறையில உக்காந்து முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

தராசு கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்தினார்.

கீழே வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

இன்ஸ்பெக்டர் வந்த காரியம் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு நிறைவேறியது. தராசு யாருடைய உதவியும் இல்லாமல் படியிறங்கிப் போனார். அதன் பிறகு முதலாளி சிலையிடம் நாளை வழக்கம்போல் வேலைக்கு வரும்படி சொன்னார். அவள் வழக்கம்போல் வர முடியாது என்றாள்.

"என் வாய்க்குள்ள டார்ச் அடிச்சாங்க முதலாளி. சின்ன முதலாளியோட கட்டை யாரும் தொடல. ஒரே வாசல்தானே? தாண்டற எல்லாருக்கும் ஒரே சோதனை வெச்சா வரேன். இல்லைன்னா இந்தக் கல்லுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க."

"குடும்பத்து ஆளுங்களையுமா?" என்று மைத்துனர் ஆரம்பித்தார்.

"மாப்ள, வாயை மூடு," என்றார் முதலாளி.

வெகுநேரம் அவர் சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தார். கடைசியில் நின்றார். அன்று மாலை ஐந்தரை மணிக்கு, வேலையாட்கள் அனைவரும் கூடத்துக்கு அழைக்கப்பட்டு, முடிவானவை அவர்கள் முன்னிலையில் அறிவிக்கப்பட்டன. திருட்டில் சிலைக்குப் பங்கில்லை என்பதை முதலாளி தம் வாயாலேயே சொல்லி, அதே தெருவிலுள்ள மற்றப் பட்டறைக்காரர்களுக்கும் அவள் எதிரிலேயே தொலைபேசியில் சொன்னார். மைத்துனர் மேனேஜராக நீடிப்பது என்றும், ஆனால் எடை அறைச் சாவி அவரிடம் கொடுக்கப்படுவதில்லை என்றும் தீர்மானம் ஆயிற்று. முதலாளியும் அவருடைய குடும்பத்தினரும் உட்பட, வாசலைக் கடக்கும் ஒவ்வொருவரும் அன்று முதல் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றும், கண்ணாடி நகல்களும் எடை போடாமல் வெளியேறக் கூடாது என்றும் விதி செய்யப்பட்டது. புஷ்பராகத்தின் எஞ்சிய மெருகைச் சிலையே முடிப்பாள். ஆனால் அன்றைக்கு அல்ல, கை நடுக்கம் நின்ற பிறகு. இந்த முடிவுகளை ஏற்றுக்கொண்டு, அன்று முதல் ஆளாக வாசலில் கைகளைத் தூக்கி நின்றவர் முதலாளி.